ஐந்தாவது கியர்

கார் தரகன் பால்பாண்டி காட்டிய ஃபியட்டின் பானெட்டைத் திறந்து, எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான் வைகுண்டராஜ். வெதுவெதுப்பாக இருந்தது. ஆள் பார்க்க வருமுன்பே வண்டியை ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் அது எழுந்திருக்க அடம்பிடிக்கும் வண்டி என்று அர்த்தம். பங்குனி தொடங்கிய பிறகு கற்றுக்கொண்ட பாடங்களில் அதுவும் ஒன்று.

"ரெண்டு கார்பரேட்டர் அண்ணாச்சி. கோயமுத்தூர்ல பந்தயத்துக்குன்னே வேலை பாத்தது. மிதிச்சா பறக்கும்" என்றான் பால்பாண்டி.

"பிரேக் பிடிச்சா நிக்குமா?"

"நிக்கதுக்கா அண்ணாச்சி இம்புட்டு வேகமான வண்டி தேடுதிய?"

வைகுண்டராஜ் பானெட்டை மூடினான். பால்பாண்டிக்குப் புரிந்துவிட்டது. இந்த ஆளிடம் பேசிப் பயனில்லை. பிடிக்கவில்லை என்றால் மூடுவான், பிடித்தாலும் மூடுவான். வாயைத் திறக்க மாட்டான்.

ராஜபாளையத்தில் இது ஒரு வேடிக்கையாகவே ஆகியிருந்தது. பேண்டேஜ் துணி நெய்கிற பட்டறை வைத்திருக்கும் வைகுண்டராஜ், ஸ்கூட்டரில் போனால் சைக்கிள்காரன் முந்துவான். சாயங்காலமானால் பட்டறை முன்னறையில் ஏதாவது புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுகிற ஆள். அவன் திடீரென்று, இருப்பதிலேயே வேகமான கார் எது, பழசானாலும் பரவாயில்லை என்று கேட்டுக்கொண்டு அலைந்தால் ஊர் சிரிக்காதா? டீக்கடையில் அவனுக்கு 'பந்தயக்காரர்' என்று பேரே வைத்துவிட்டார்கள்.

காரணம் பால்பாண்டிக்கு மட்டும் கொஞ்சம் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன், தலைப்பிரசவத்தில் அவன் மனைவி செல்லக்கனிக்கு மூச்சு முட்டியபோது, வாடகைக்கு எடுத்த காரில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அழகாபுரி தாண்டி வண்டி கொதித்து நின்றது. டிரைவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போனான். பின்சீட்டில் அவள் கண் செருகிக் கிடந்ததை வைகுண்டராஜ் ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. இதயத்தில் ஒரு வால்வு சின்ன வயதிலேயே சுருங்கிப் போயிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

இப்போது மறுபடியும் எட்டு மாதம். மதுரை டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "மூச்சு வாங்க ஆரம்பிச்சா ஒன்றரை மணி நேரத்துல இங்க இருக்கணும்."

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவன் ஒரு மாதமாகச் சுமந்துகொண்டு திரிந்தான். அதற்கு அடுத்து அவர் இன்னொன்றும் சொன்னார். அதை அவன் மம்சாபுரத்தில் மாமியார் வெள்ளத்தாயிடம் ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்தான். அவள் பதில் சொன்னாள். பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

"இன்னைக்கு ஒண்ணு முடிஞ்சாகணும் பால்பாண்டி" என்றான். "சாயங்காலம் மம்சாபுரத்துல அம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டுதாக."

காப்புக் கட்டிவிட்டால், பொங்கல் முடிகிற எட்டு நாளும் ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டி இரா தங்கக் கூடாது. செல்லக்கனி அங்கே அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். அந்த எட்டு நாளில் எதுவும் நடக்கலாம். குறைந்தபட்சம் ஒரு நல்ல வண்டி கையில் இருக்க வேண்டும்.

பால்பாண்டி செத்த நேரம் காதைச் சொறிந்தான். "அப்ப ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஸ்கூட்டர விடுங்க. கடைசியாக் காட்டலாம்னு ஒண்ணு வச்சிருந்தேன்."

வடக்கு ரத வீதியில் இருந்தது அந்த வீடு. ஷெட்டுக்குள் தார்ப்பாயை இழுத்ததும் தூசு கிளம்பி அடங்கியது. வெள்ளை நிற கான்டெஸா. நீளமான மூக்கு, அகலமான பின்புறம், நாய் படுத்திருப்பது போலத் தரையோடு பதிந்து நின்றது. வைகுண்டராஜ் சுற்றி வந்தான். சட்டைப் பையில் இருந்த காந்தத்தை எடுத்துக் கதவுகளின் அடியில் வைத்துப் பார்த்தான். பட்டி போட்டு மறைத்த இடமே இல்லை, எல்லா இடத்திலும் ஒட்டியது. டயர்கள் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. எஞ்சினைத் தொட்டான். கல் போலக் குளிர்ந்திருந்தது. சாவியைத் திருப்பியதும் ஒரே பிடியில் எழுந்தது.

வீட்டுக்கார அம்மா நாச்சியார் கதவருகில் நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது. "கிருஷ்ணன்கோவில் வரை ஓட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஊர் எல்லை தாண்டியதும் வைகுண்டராஜ் மிதித்தான். புளிய மரங்கள் பக்கவாட்டில் ஓடின. நான்காவதிலிருந்து ஐந்தாவது கியருக்கு மாற்றியபோது வண்டி முனகவில்லை, குலுங்கவில்லை. மூச்சை இழுத்து விட்டது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். முள் நூற்று இருபதைத் தாண்டியது. பக்கத்தில் பால்பாண்டி டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, நான் புள்ளகுட்டிக்காரன்" என்றான்.

வைகுண்டராஜுக்கு அது காதில் விழவில்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவன் நெஞ்சில் இருந்த ஒரு முடிச்சு தளர்ந்தது. இந்த வண்டி அன்றைக்கு இருந்திருந்தால். அவ்வளவுதான் அவன் நினைப்பு. இந்த வண்டி அன்றைக்கு இருந்திருந்தால்.

திரும்பி வந்து ஷெட்டில் நிறுத்தியதும் சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டான். இனி யாருக்கும் விடுவதாக இல்லை.

"ஒரே கை வண்டி" என்று பால்பாண்டி ஆரம்பித்தான். "ஐயா போனதுலருந்து வெளிய எடுக்கவே இல்ல."

"ஏலே பால்பாண்டி" என்றாள் நாச்சியார். "அவிய எங்க வச்சுப் போனாவன்னு இவருகிட்ட சொன்னியா?"

பால்பாண்டி செருப்பைப் பார்த்தான்.

"சொல்லலையா. நாளைக்கு ஊருக்குள்ள யாராவது சொல்லி, இவரு வந்து என் வாசல்லயில்ல நிப்பாரு." அவள் வைகுண்டராஜைப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரர் இந்தப் பின்சீட்லதான் தம்பி போனாவ. நெஞ்சு வலி. மதுரைக்குக் கொண்டு போறப்ப. உங்களுக்கு முந்தி ரெண்டு பேரு வந்தாக. கேட்டதும் சாவிய வச்சிட்டுப் போயிட்டாக. நீங்களும் வைக்கலாம். வருத்தமில்ல."

ஷெட்டின் தகரக் கூரை வெயிலில் படபடவென்று சத்தமிட்டது. உயிர் போன வண்டி. அதில் உயிரைக் காப்பாற்றச் செல்லக்கனியை ஏற்றுவதா? மாமியாருக்குத் தெரிந்தால் வண்டியைத் தெருமுனைக்குள்ளேயே விட மாட்டாள். வைகுண்டராஜ் பின்கதவைத் திறந்து அந்த சீட்டைப் பார்த்தான். நாச்சியாருக்கு அவசரமில்லை.

கடைசியில் அவன் கேட்டது அவள் எதிர்பார்த்ததல்ல.

"எந்த ஊர்கிட்ட வச்சு?"

மற்றவர்கள் என்ன கிழமை என்று கேட்டிருந்தார்கள். கழிப்புக் கழித்தீர்களா என்று கேட்டிருந்தார்கள். இதை யாரும் கேட்டதில்லை.

"அழகாபுரி தாண்டி" என்றாள்.

"இந்த வண்டியிலயுமா? இவ்வளவு வேகமான வண்டியிலயும் நேரம் பத்தலையா?"

"வண்டி என்ன தம்பி செய்யும்." அவள் ஷெட்டின் தூணில் சாய்ந்துகொண்டாள். "அன்னைக்கு வெள்ளிக்கிழமை. ராகுகாலம் பெறந்த பொறவு நெஞ்சப் பிடிச்சாவ. எங்க மாமனார், பன்னெண்டு ஆகட்டும், அதுக்குள்ள வாசல் தாண்ட வேண்டாம்னுட்டாவ. டிரைவர் வண்டிய ஸ்டார்ட் பண்ணி வாசல்ல நிறுத்தியிருந்தான். எஞ்சின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. நான் அவிய தலைய மடியில வச்சுக்கிட்டு எஞ்சின் சத்தத்தக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன். பன்னெண்டு அடிச்சதும் கெளம்புனோம். அதுக்குப் பொறவு டிரைவர் நூத்தி நாப்பதுல போனான்."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"மாமனார் முன்னால நான் பேசுனதே இல்ல தம்பி."

சொல்லிவிட்டு முந்தானையால் பானெட்டின் தூசைத் துடைத்தாள்.

வைகுண்டராஜ் உள்ளங்கையைத் திறந்து சாவியைப் பார்த்தான். டாக்டரம்மா சொன்ன இரண்டாவது வாக்கியம் அப்போதுதான், தார்ப்பாய்த் தூசும் பெட்ரோல் வாசனையும் கலந்த அந்த ஷெட்டில், முழுசாக அவனுக்குக் கேட்டது. 'எதுக்கும் எட்டாம் மாசமே வந்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல தங்கிருங்க. அதுதான் நல்லது.' அதைச் சொன்னதற்கு வெள்ளத்தாய் அன்றைக்குச் சொன்னாள்: "போன தடவை உங்க வீட்டுலருந்து கூட்டிட்டுப் போனிய மாப்ள. வெறுங்கையோட வந்திய. இந்தத் தடவை என் மக என் வீட்டுலதான் இருப்பா." அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. அவன் எழுந்து வந்துவிட்டான். மறுநாள் பால்பாண்டியைக் கூப்பிட்டு, இருப்பதிலேயே வேகமான கார் எது என்று கேட்டான்.

வண்டி ராஜபாளையத்தில் நிற்கும். அவள் மம்சாபுரத்தில் இருப்பாள். மூச்சு முட்டினால் யாராவது போன் இருக்கும் கடைக்கு ஓட வேண்டும். அவன் வர வேண்டும். அதற்குள் வெள்ளத்தாய் திருநீறு எடுப்பாள், நேரம் பார்ப்பாள். அழகாபுரிக்கு அப்பால் எவ்வளவு வேகம் போகலாம் என்று மாதம் முழுக்கக் கணக்குப் போட்டவன், வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு நாளும் கணக்குப் போடவில்லை.

"வீட்டுல ஒரு தடவை உக்கார வச்சுப் பாக்கணும்" என்றான்.

"கொண்டு போங்க."

"எப்ப திரும்புவேன்னு தெரியல."

நாச்சியார் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "பால்பாண்டி இங்கதான் இருப்பான்" என்றாள்.

"என்னைய அடகு வச்சிட்டுப் போறியளா அண்ணாச்சி?" என்றான் பால்பாண்டி. "மீட்டுருவியள்ல?"

மம்சாபுரத்தில் வீடு இருந்த தெருவுக்குள் கார் நுழையாது. தெருமுனையில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் இறங்கி நடந்தான். கோயில் பக்கம் பந்தலுக்கு வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார்கள். செல்லக்கனி நாற்காலியில் கால்களை ஒரு முக்காலி மேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதங்கள் நேற்றைவிட வீங்கியிருந்தன. இரண்டு தலையணை வைத்தும் ராத்திரி படுக்க முடியவில்லை என்று அவள் முகமே சொன்னது.

"கார் பாத்திருக்கேன். ஒரு வெள்ளோட்டம் போயிட்டு வரலாம்" என்றான்.

வெள்ளத்தாய்க்கு முகம் மலர்ந்தது. ஒரு மாதமாக அலைந்த மருமகன் ஒருவழியாக முடித்துவிட்டானே என்ற நிம்மதி. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "இருங்க மாப்ள, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வாரேன்" என்று உள்ளே போனாள். பழத்தோடு வந்தவள், பெண்ணைத் தாங்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்தாள். செல்லக்கனி பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினாள். காரின் கதவைத் திறந்தபோதுதான் வெள்ளத்தாய்க்கு நினைவு வந்தது.

"இன்னைக்குச் செவ்வாக்கிழமையில்ல. ராகுகாலம் ஓடுதே. நாலரைக்கு மேல உக்காரட்டும் மாப்ள. செத்த நேரந்தான."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சீரான, பொறுமையான சத்தம். வைகுண்டராஜ் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

"இருக்கட்டும் அத்தை" என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் மறுத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. வெள்ளத்தாய்க்கு அது மறுப்பு என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் செல்லக்கனி ஏறிவிட்டாள். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தபோது, மாமியார் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்தபடி தெருமுனையில் நின்றுகொண்டிருந்தாள். அந்த உருவம் சிறுத்து மறைந்தது. அவளிடம் உண்மையைச் சொல்லும் தைரியம் அப்போதும் வரவில்லை.

மெயின் ரோட்டில் இடப்பக்கம் திரும்பினான். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. போனது. கிருஷ்ணன்கோவிலும் போனது.

"சாயங்காலம் காப்பு" என்றாள் செல்லக்கனி பின்னாலிருந்து.

"தெரியும்."

"மாத்துச் சேலை கூட எடுக்கல."

வெகுநேரம் கழித்து அவள் சொன்னாள்: "டாக்டரம்மா தங்கச் சொன்னத மறந்துட்டியன்னு நெனச்சேன்."

"நீயும் ஒண்ணும் சொல்லலையே."

"அம்மாவ எதுத்துப் பேசி நீங்க பாத்திருக்கியளா? நானும் பாத்ததில்ல."

ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு இனி ஓட்ட முடியாது என்று தோன்றியது. "கனி, இந்தப் பின்சீட்டுல ஒருத்தர் செத்துப் போயிருக்காரு."

கண்ணாடியில் அவள் முகம் அசையவில்லை. "எந்தப் பக்கம்?"

"கேக்கல."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்து நடுவில் உட்கார்ந்தாள். "மெதுவாப் போங்க. தூக்கிப் போடுது" என்றாள்.

மெதுவாகப் போனான். மாட்டு வண்டிகளை மட்டும் முந்தினான். லாரிகள் ஹாரன் அடித்து ஒதுங்கச் சொல்லி அவனைக் கடந்தன. அழகாபுரி தாண்டி அந்த இடம் வந்தபோது அவன் பார்க்கவில்லை. அவள் பார்த்தாளா என்றும் பார்க்கவில்லை. கியர் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவிலேயே கிடந்தது.

திருமங்கலம் ரயில்வே கேட் அடைத்திருந்தது.

இந்தக் கேட்டைத்தான் அவன் எத்தனையோ இரவுகள் கனவில் பார்த்திருந்தான். அடைத்த கேட், வரிசையாக பஸ்கள், பின்னால் அவள் மூச்சு. இப்போது அதேதான் எதிரே இருந்தது. எஞ்சினை அணைத்தான்.

ஒரு பெண் கூடையோடு ஜன்னலருகே வந்தாள். வெள்ளரிப்பிஞ்சு, நீளவாக்கில் கீறி மிளகாய்ப்பொடி தடவியது.

"ஒண்ணு வாங்குங்க" என்றாள் செல்லக்கனி. "உப்பு போடாம கேளுங்க. டாக்டரம்மா உப்பு ஆகாதுன்னிருக்காங்க."

வாங்கிப் பின்னால் நீட்டினான். ரயில் இன்னும் வரவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மம்சாபுரத்தில் இப்போது கொட்டு அடிக்க ஆரம்பித்திருப்பார்கள். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவள் கடிக்கும் சத்தத்தைக் கேட்டான். பிறகு அவள் கடிப்பதை நிறுத்தினாள். அவன் அவள் மூச்சைக் கேட்டான். கொஞ்சம் கரகரப்பு இருந்தது. உள்ளே போனது. நின்றது போல இருந்தது. அவன் திரும்பப் போகிற நேரத்தில் வெளியே வந்தது. மறுபடியும் போனது.

கேட் திறக்கவில்லை. அவன் அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தான்.