ஆகாயத்தில் தொங்கிய ஜன்னல்

ஆரோக்கியராஜுக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் விடியலில் கடலுக்குப் போய், பத்து மணிக்குள் மீனை ஏலத்தில் விட்டுவிட்டு, நேராக அங்கே வந்து வேலிக்கு வெளியே நின்றுவிடுவார். தேவனாம்பட்டினத்தில் பழைய வீடுகளை இடித்துவிட்டு, அதே இடத்தில் ஐந்து மாடி எழும்பிக்கொண்டிருந்தது. சம்பளம் வாங்காத சூப்பர்வைசர் என்று சைட்டில் அவரைக் கேலி செய்தார்கள். செய்யட்டுமே. எட்டு மாதமாக இப்படியொரு வேடிக்கை வேறெங்கே கிடைக்கும்?

செங்கல் இல்லை, சாரம் இல்லை. சிதம்பரம் ரோட்டில் இருந்த யார்டில் சுவரை முழுசாக வார்த்து, ஜன்னலுக்கு இடம் விட்டு, டிரெய்லரில் நிற்க வைத்தே கொண்டுவந்தார்கள். பேனல் என்று அதற்குப் பெயர். கிரேன் தூக்கியதும் ஒரு வீட்டின் சுவர் காற்றில் மெல்லத் திரும்பி, கொஞ்சம் யோசித்து, தன் இடத்தைத் தேடிப் போய் உட்காரும். பார்த்துக்கொண்டே இருந்தால் கண் செருகும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை; அலையில்லாத நாளில் படகில் மல்லாந்து படுத்திருப்பதுபோல் இருக்கும்.

பழைய வீட்டுக்காரர்களுக்குப் புது வீடு ஒதுக்கிய குலுக்கலில் அவருக்கு விழுந்தது முதல் மாடி, ஏழாம் நம்பர். கடல் பக்கம் மொத்தமும் மூடிய சுவர். பக்கத்து வீடு ராஜாமணிக்கு. அவனுக்குக் கடலைப் பார்த்த ஜன்னல். அவன் எங்கே கடலைப் பார்க்கப்போகிறான், டிவியைத்தான் பார்ப்பான். ஆரோக்கியராஜின் மனைவி பிரிசில்லாவோ இருபது வருஷம் கரையில் மீன் விற்றவள். வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்ததிலிருந்து செம்மண்டலத்து வாடகை அறையில் கட்டிலோடு கிடக்கிறாள். கடலைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. குலுக்கல் முடிவைக் கேட்டதும், "பரவால்லங்க" என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஆயுத பூஜை லீவு முடிந்து முதல் மாடிக்கான பேனல்கள் வந்தன. யார்டில் இயந்திரங்களுக்குப் பூஜை போட்டதோடு விடவில்லை. அனுப்பத் தயாராக நின்ற பேனல்களுக்கும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருந்தார்கள். கைக்கு எட்டும் மூலையில்தானே வைக்க முடியும்? அந்த மூலையில்தான் பேனல் நம்பரும் இருந்தது. பக்தி முற்றியதில் நம்பர் மறைந்தே போனது. சாமிக்கு வைத்ததைச் சுரண்ட யாருக்கும் மனம் வரவில்லை. ஃபோர்மேன் உத்திராபதி வந்த வரிசையை வைத்துக் குத்துமதிப்பாகக் கை காட்ட, கிரேன் முதல் பேனலைத் தூக்கியது.

அதில் ஜன்னல் இருந்தது. அது போன இடம் ஏழாம் நம்பர்.

ஆரோக்கியராஜ் வேலியோடு ஒட்டிக்கொண்டார். ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு, தலையணையை உயர்த்தி, பிரிசில்லா கரைக்குத் திரும்பும் படகுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை அவர் அங்கேயே பார்த்துவிட்டார். வாயைத் திறக்காமல் நின்றால் போதும். அவரை யார் கேட்கப்போகிறார்கள்? ராஜாமணிகூடக் கவனிக்கமாட்டான்.

ஆனால் போன மாதம் சிதம்பரத்திலிருந்து பார்க்க வந்த காலேஜ் பிள்ளைகளுக்கு இன்ஜினியர் காயத்ரி விளக்கியதை அவரும் வேலியோரம் நின்று கேட்டிருந்தார். அந்த மூடிய சுவர் தரையிலிருந்து ஐந்தாம் மாடிவரை ஒரே நேராகப் போகவேண்டும். புயல் காற்றில் கட்டடத்தைப் பிடித்து நிறுத்துவது அதுதான். நடுவில் ஒரு மாடியில் ஓட்டை விட்டாலும் மேலே இருப்பவர்களுக்கு ஆபத்து. மேலே நான்கு குடும்பம். கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டுத் தொலைத்துவிட்டார்.

பேனல் இறங்கத் தொடங்கியது. அவர் வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, இரண்டு கையையும் மேலே தூக்கினார். யார் கை தூக்கினாலும் கிரேன் நின்றாக வேண்டும் என்பது அங்கே சட்டம். நின்றது.

"இன்னா மாமா, சாவறதுக்கா உள்ள வந்த?" உத்திராபதி கத்தினான்.

"அது எங்க வூட்டுது இல்லப்பா. நம்பரத் தொடச்சிப் பாரு."

காயத்ரி ஓடிவந்து பேனலை இறக்கச் சொன்னாள். ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தாள். ராஜாமணி வீட்டு நம்பர்தான். அவள் ஆரோக்கியராஜை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டாள். நல்லது செய்த சந்தோஷம் ஒன்றும் அவருக்கு வரவில்லை. டிரெய்லரில் இடம் ஒதுக்கும்வரை பேனல் ஓர் ஆள் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குப் போய் எதையும் மறைக்காமல் பிரிசில்லாவிடம் சொன்னார். அவள் மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்த ஜன்னலு எவ்ளோ நேரம் தொங்குச்சி?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"அதுல கடலு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

அவள் கையை நீட்டி, அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்கார வைத்தாள்.

"அஞ்சு நிமிஷத்தையும் சொல்லுங்க" என்றாள். "ஒண்ணு விடாம."