முதல் பழம்பொரி

எங்கள் ரத்தப் பரிசோதனை லேபில் நாலு மணிச் சாயாவோடு பழம்பொரி வரும், நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது. தட்டில் முதல் துண்டு அன்றைக்குத் தப்புப் பண்ணியவருக்கு. தப்பைச் சொல்ல வேண்டும், கேலியை வாங்கிக்கொள்ள வேண்டும், பிறகு சூடாக எடுத்துத் தின்னலாம். யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது. கோட்டயத்தில் இரண்டு வருஷம் படித்து நான் கற்றதைவிட அந்த மேஜையில் கற்றது அதிகம்.

"ரெஜி, ரத்தத்தை ஃப்ரிட்ஜுக்கு வெளியிலேயே வச்சுக் கெடுத்துட்டு உக்காந்திருக்கிற அழகைப் பாரு, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி!" என்பாள் அலேயம்மா சேச்சி. சிரிப்பு அடங்கியதும், எந்த ரத்தம் வெளியில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவளே சொல்லித் தருவாள். அதிகமாக முதல் துண்டு தின்றவளும் அவள்தான். தன் தப்பைச் சொல்வதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது.

மேனேஜர் ஜோஜி சார் நல்ல மனிதர். அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். எர்ணாகுளத்தில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர், ஒருநாள் எங்களோடு வந்து உட்கார்ந்தார்.

"இதைத்தான் அங்க மூணு நாளா சொல்லிக்கொடுத்தாங்க. நீங்க பழம்பொரியிலேயே பண்ணிட்டிருக்கீங்க," என்றார். "நிறுத்திடாதீங்க. தைரியமா சொல்லுங்க, யார் மேலயும் நடவடிக்கை வராது. நான் பொறுப்பு." அன்றிலிருந்து பழம்பொரிக் காசு அவருடையது. தினமும் வந்து உட்காருவார்.

அடுத்த வாரம் அலேயம்மா சேச்சி முதல் துண்டை எடுத்தாள்.

"ரத்தம் கொடுக்க ரெண்டு மரியம்மா வந்தாங்க. ரெண்டு பேருக்கும் புருஷன் பேரு வர்கீஸ், வயசும் ஒண்ணு. வீட்டுப்பேரு கேக்காம டியூப்ல பேரெழுதிட்டேன். ஒருத்தியோட சர்க்கரை இன்னொருத்தி ரிப்போர்ட்டுல போயிடுச்சு. மறுநாள் பழைய ரிப்போர்ட்டோட ஒத்துப் பாத்தப்போதான் தெரிஞ்சுது. ரெண்டு வீட்டுக்கும் நானே போய், மன்னிப்புக் கேட்டு, திரும்ப ரத்தம் எடுத்துட்டு வந்தேன். மாத்திரை வாங்கறதுக்குள்ள பிடிச்சுட்டேன், கர்த்தர் காப்பாத்தினாரு. இனிமே வீட்டுப்பேரு கேக்காம யாரும் ஊசி குத்தாதீங்க மக்களே."

ஜோஜி சார் கைதட்டினார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது அவருக்கு. அந்தப் பெருமையில்தான் முதலாளிகளின் கூட்டத்தில் போய் இதைச் சொல்லியிருக்கிறார், பேரோடு. எங்கள் ஆட்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் பாருங்கள் என்று. அவர்கள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: ரிப்போர்ட் மாறிப்போனது. கேஸ் கீஸ் என்று வந்தால்?

சனிக்கிழமை சேச்சியைக் கூப்பிட்டு, திங்களிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். புருஷன் இல்லாதவள், மகள் மங்களூரில் நர்சிங் இரண்டாம் வருஷம். ஜோஜி சார் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாராம். கெஞ்சி என்ன ஆகப்போகிறது? சேச்சி வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள். நாங்கள் குனிந்து டியூப்களில் பேர் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

பழம்பொரி மட்டும் நிற்கவில்லை. நாலு மணிக்குத் தட்டு வரும், நாங்கள் மழையைப் பற்றிப் பேசுவோம். முதல் துண்டை யாரும் தொடுவதில்லை, அதனால் மற்றதையும் தொடுவதில்லை. ஒருநாள் ரெஜி உடைந்த டியூப் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையின் அடியில் தள்ளுவதைப் பார்த்தேன். அவனும் நான் பார்த்ததைப் பார்த்தான்.

இரண்டு மாதம் கழித்து சேச்சி வந்தாள், ரத்தம் கொடுக்க. திருவல்லாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை, அதற்கு ரிப்போர்ட் வேண்டுமாம். மெலிந்திருந்தாள். அவள் கையைப் பிடித்து நரம்பைத் தேடினேன்.

"வீட்டுப்பேரு கேக்கலையேடீ," என்றாள்.

"சேச்சி, உங்களை எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சாலும் கேளு."

கேட்டேன். "கொச்சுபரம்பில்," என்றாள், பள்ளிக்கூடத்தில் பதில் சொல்வது போல.

ஊசியை உருவியபோது மணி நாலு. தட்டு வந்து மேஜையில் உட்கார்ந்தது. பஞ்சை அழுத்திக் கையை மடக்கியபடி சேச்சி அங்கே போனாள்.

"இன்னிக்கு யாருது?"

ரெஜி தரையைப் பார்த்தான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஜோஜி சார் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை.

சேச்சி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு மடக்காத கையை நீட்டி முதல் துண்டை எடுத்தாள்.

"அப்போ இன்னிக்கும் என்னோடதுதான்," என்றாள். நின்றுகொண்டே, ஒரு துணுக்குக்கூடக் கீழே விழாமல், முழுவதையும் தின்றாள்.