பேனருக்குப் பின்னால் ஒரு கதவு

பஞ்சாயத்து மெம்பர் வேல்முருகன் காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று நிலநடுக்கத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "அன்பார்ந்த பொதுமக்களே! பூமி ஆடும்போது யாரும் ஓடக் கூடாது" என்று விரலை நீட்டுவார். விரல் சரியாக வரவில்லை என்று தோன்றும். காலரை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி "அன்பார்ந்த" என்று தொடங்குவார். மனைவி அழகுத்தாய் டீயைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தாள். அதுவும் ஆறிப்போனது.

உடும்பஞ்சோலைப் பக்கம் கொஞ்ச நாளாகவே தரைக்கு அடியில் முழக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. போன மாதம் ஒருநாள் அலமாரித் தட்டுகள் கலகலத்தன. அன்றைக்குத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஜனமெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டது. அதனால்தான் தாலுக்காவிலிருந்து பேரிடர் ஒத்திகை ஒன்று ஏற்பாடு செய்திருந்தார்கள். இடம், வார்டின் கம்யூனிட்டி ஹால். தலைமை, மெம்பர். பேனரில் நிலநடுக்கத்தைவிட மெம்பர் படம் பெரியதாக இருந்தது.

"மூட்டையெல்லாம் எடுத்தாச்சா?" என்று கேட்டாள் அழகுத்தாய்.

"எந்த மூட்டை?"

"எந்த மூட்டையா? அந்தப் பின்வாசல்ல அடுக்கி வச்சிருக்கீகளே, அதுதான்."

விஷயம் இதுதான். கம்பம்மெட்டு ரோட்டில் வேல்முருகனுக்கு உரக்கடை இருக்கிறது. ஏலத்தோட்டக்காரர்களுக்கு உரமும் வேப்பம்புண்ணாக்கும் விற்கிற கடை. கடையில் இடம் போதவில்லை. ஹால் சாவியோ மெம்பர் இடுப்பில் தொங்குகிறது. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்கிற கதையாக, மூட்டைகள் ஒவ்வொன்றாக ஹாலுக்குள் வந்து, பின்கதவை அடைத்துக்கொண்டு கூரை உயரத்துக்கு ஏறிவிட்டன. அந்த ஹாலில் கல்யாணம் வைத்தவர்கள் பிரியாணியை வேப்பம்புண்ணாக்கு நாற்றத்தோடுதான் சாப்பிட்டார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நிலப் பட்டயத்துக்கும் பென்ஷனுக்கும் மெம்பர் கையெழுத்து வேண்டுமே.

தாலுக்கா அதிகாரி ஆன்மேரி போன வாரமே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். மலையாளத்துப் பெண், தமிழும் நன்றாகப் பேசுவார். "மெம்பரே, இந்த வாதில் திறந்து கிடக்கணும். முன்னால ஒரு கதவு, பின்னால ஒரு கதவு. ரெண்டும் இருந்தாத்தான் ஆளுங்க வெளிய போக முடியும், கேட்டோ" என்று கதவைத் தட்டிக் காட்டினார். வேல்முருகன் குழைந்து நின்று, "நாளைக்கே எடுத்துர்றேன் மேடம்" என்றார். அந்த நாளைதான் இன்னும் வரவில்லை.

"எடுத்து எங்கடி வைக்கிறது? ஒன் தலையிலயா?" என்றார் வேல்முருகன் கண்ணாடியைப் பார்த்தபடியே. "வெளிய வச்சா சாரல்ல நனைஞ்சு வீணாப் போகும். ஒருநாள் கூத்துக்கு மீசையச் செரைக்கச் சொல்றியா? பொய்யா ஆடப்போற பூமிக்கு நெசமான மூட்டையத் தூக்கணுமாக்கும்! மேல பேனரக் கட்டிட்டேன். ஒரு பயலுக்கும் தெரியாது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் என்று இவரைச் சும்மா சொல்லவில்லை. அழகுத்தாய் சண்டைக்கு நிற்காமல் சேலையை மாற்றப் போனாள். மெம்பர் பொண்டாட்டி முன்வரிசையில் இருக்க வேண்டும் என்பது உத்தரவு.

ஹால் நிறைந்துவிட்டது. டீயும் உளுந்தவடையும் உண்டு என்று அறிவித்தால் எந்த ஹாலும் நிறையும். லயத்துப் பெண்கள் கைக்குழந்தைகளோடு வந்திருந்தார்கள். சுகாதாரத் துறை ஆஷா ஒர்க்கர் சிவசங்கரி பச்சை நிறக் கைப்பட்டை கட்டிக்கொண்டு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். வயதானவர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் பின்கதவு வழியாக வெளியே கூட்டிப்போவது அவளுக்குக் கொடுத்த பொறுப்பு. அழகுத்தாய் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது, சொந்தபந்தமெல்லாம் ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டு நழுவிக்கொள்ள, கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்துப் பார்த்துக்கொண்டவள் அவள். மேடும் பள்ளமுமாக லயம் லயமாக நடந்து மருந்து கொடுத்துவரும் அந்தக் காலைத்தான் அவள் வீடு நம்பியிருந்தது.

"மதினி, பின்னாடி வழி சரியாயிருச்சுல்ல? மேடம் ஏங்கிட்டதான் பாத்துக்கச் சொல்லியிருக்காக" என்று அழகுத்தாயிடம் கேட்டாள் சிவசங்கரி.

அழகுத்தாய் வாய் திறப்பதற்குள் ஆன்மேரியும் அங்கேயே வந்துவிட்டார். "மெம்பரே, பின்வாதில் கிளியர் தானே?"

"பளிச்சுனு இருக்கு மேடம். பேனர் மட்டுந்தான், ஒரு இழுப்புல வந்துரும். வேணும்னா நம்ம வீட்டுக்காரியக் கேளுங்க" என்றார் வேல்முருகன்.

ஆன்மேரி அவளைத் திரும்பிப் பார்த்தார். சிவசங்கரியும் பார்த்தாள். சபை நடுவில் புருஷன் மானத்தை வாங்குவதா? அழகுத்தாய் தலையை மட்டும் ஆட்டிவைத்தாள். ஆன்மேரி அப்போதும் விடாமல் பேனரை நோக்கி இரண்டடி வைத்தார். அதற்குள் குத்துவிளக்கு ஏற்ற வாருங்கள் என்று மைக்கில் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, பூங்கொத்து கொடுத்து, அந்த அம்மாளை நாற்காலியில் அமுக்கி உட்காரவைத்துவிட்டார்கள். நம் ஊரில் ஒரு நல்ல காரியத்தைக் கெடுக்க எதிரி வேண்டியதில்லை, ஒரு பொன்னாடை போதும்.

வேல்முருகன் பேசினார். பூமாதேவிக்குப் பாரம் தாங்கவில்லையாம். ஆதிசேஷன் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு உலகத்தை மாற்றுகிறானாம். ஜனங்களிடம் தர்மம் குறைந்துபோனதுதான் காரணமாம். தர்மத்தைப் பற்றி அவர் பேசப்பேச, பின்னாலிருந்து வேப்பம்புண்ணாக்கு மணத்தது.

அடுத்து ஆன்மேரி எழுந்தார். "ஆதிசேஷன்னு பெரியவங்க சொன்னதைக் கேலி பண்ண நான் வரல. தரை நிக்காது, அசையும்னு அந்தக் காலத்துலயே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இந்த மலைப் பாறை ரொம்பப் பழசு. உள்ளுக்குள்ள பழைய முறிவுகள் இருக்கு. அதுல இறுக்கம் சேர்ந்து சேர்ந்து, தாங்காதப்போ நழுவும். அதுதான் நீங்க கேக்குற முழக்கம். இன்ன தேதியில வரும்னு உலகத்துல ஒருத்தராலும் சொல்ல முடியாது. வாட்சப்புல சொல்றவன் பொய் சொல்றான்."

"எண்பத்தெட்டுல நெடுங்கண்டத்துப் பக்கம் ஆடுச்சே மேடம், எங்க ஊட்டுப் பானையெல்லாம் உருண்டுச்சு" என்றார் மூன்றாம் வரிசையிலிருந்து முனீஸ்வரன்.

"அதேதான் சேட்டா. அன்னைக்கு வந்தது இன்னைக்கும் வரலாம். குஜராத்துல ஒரு குடியரசு தினத்தன்னைக்கு வந்தது. கொடி பிடிச்சு ஊர்வலம் போன பள்ளிக்கூடப் பிள்ளைங்க இடுக்கான தெருவுல மாட்டிக்கிட்டாங்க. ரெண்டு பக்கமும் கட்டடம் விழுந்தது. ஓடிப்போக வழியில்லை." ஆன்மேரி கொஞ்சம் நிறுத்தினார். "அதனால ஆடும்போது ஓடாதீங்க. தலையைக் காத்து, பலமான மேசைக்கு அடியில ஒதுங்குங்க. ஆட்டம் நின்னதும் வரிசையா வெளிய போங்க. வழிதான் முக்கியம்."

இதைக் கேட்டு ஜனங்கள் கைதட்டினார்கள். வடை வந்தது. நன்றியுரைக்கு மீண்டும் மைக்கைப் பிடித்தார் வேல்முருகன். "எத்தனை பெரிய ஆபத்து வந்தாலும், உங்களுக்கு முன்னால் உங்கள் மெம்பர் மலைபோல் நிற்பான்!" என்று அவர் விரலை நீட்டியபோது, கீழே பள்ளத்தில் லோடு லாரி ஒன்று திணறித் திணறி ஏறுவதுபோல ஒரு முழக்கம் கேட்டது. டீ டம்ளர்கள் கலகலத்தன. ஃபேன் ஊசலாடியது. காலுக்கடியில் தரை நடுங்கியது.

மலைபோல் நிற்பதாகச் சொன்னவர் மைக்கைக் கீழே போட்டார். மேடையிலிருந்து ஒரே பாய்ச்சல். குத்துவிளக்கு ஒரு பக்கம் சாய, வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கட்டின பொண்டாட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஹாலிலிருந்து முதல் ஆளாக வெளியேறினார். தூ! பூனையைக் கண்ட எலிகூடக் குட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு ஓடும்.

தலைவனே ஓடினால் ஜனம் சும்மா இருக்குமா? மொத்தக் கூட்டமும் முன்கதவுக்குப் பாய்ந்தது. நாற்காலிகள் நொறுங்கின. "ஓடாதீங்க! உக்காருங்க!" என்று ஆன்மேரி தொண்டை கிழியக் கத்தியது யார் காதிலும் விழவில்லை. முன்கதவில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சிக்கி நின்றார்கள். நடுக்கம் அதற்குள் அடங்கிவிட்டது. கூட்டம் அடங்கவில்லை.

சிவசங்கரி ஒருத்திதான் சொன்னபடி செய்தாள். டீ மேசைக்கு அடியில் இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகளோடு ஒதுங்கியிருந்தவள், ஆட்டம் நின்றதும் எழுந்தாள். "பயப்படாதீக, நின்னுருச்சு. பின்பக்கம் வாங்க, மதினி வழி சரியாயிருக்குன்னு சொல்லிட்டாக" என்று சத்தம் கொடுத்தபடி ஓடிப்போய்ப் பேனரை இழுத்தாள்.

"சங்கரி, வேணாம்! அங்க..." அழகுத்தாயின் குரல் அந்த இரைச்சலில் அமுங்கிப்போனது.

பேனர் அறுந்து விழுந்தது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் மூட்டைச் சுவர் நின்றது. சிவசங்கரி திகைத்துத் திரும்புவதற்குள், முன்னால் வழி கிடைக்காதவர்கள் பின்னாலிருந்து அவளை மூட்டைமேல் நெருக்கினார்கள். அடுக்கு சரிந்தது. மேலிருந்த மூட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவள் காலில் இறங்கின. அவள் போட்ட அலறலில்தான் கூட்டத்துக்கே புத்தி வந்தது.

அழகுத்தாயும் ஆன்மேரியுமாக மூட்டைகளை இழுத்துத் தள்ளினார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து பாதம் கோணிக்கொண்டிருந்தது. "மதினி... வழி இருக்குன்னீகளே" என்றாள் சிவசங்கரி. கோபமாகக்கூடக் கேட்கவில்லை அவள். அழகுத்தாய்க்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு அழகுத்தாய் திரும்பி வந்தபோது, வாசலில் வேல்முருகன் தலையைச் சீவிக்கொண்டு நின்றார். எதிரே உள்ளூர் சேனல்காரன் ஜோஜோ செல்போனைப் பிடித்திருந்தான்.

"இது இயற்கையின் கோரத் தாண்டவம்" என்று மெம்பர் குரலைத் தழுதழுக்கவைத்தார். "லயத்து மக்களுக்கு விழிப்புணர்வு பத்தலை. சொல்லச் சொல்லக் கேட்காமல் முண்டியடித்துவிட்டார்கள். நிலநடுக்கத்தில் காயம்பட்ட சகோதரி சிவசங்கரிக்கு அரசு நிவாரணம் கிடைக்க நான் போராடுவேன்!"

அழகுத்தாய்க்கு இத்தனை வருஷம் அடக்கிவைத்ததெல்லாம் குப்பென்று மேலே வந்தது. சேலை முழுக்க வேப்பம்புண்ணாக்குத் தூளோடு நேரே போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"நில்லுய்யா. நிலநடுக்கத்துல காயமா?"

"ஏய், உள்ள போடி. பேட்டி நடக்குதுல்ல."

"நடக்கட்டும். நல்லா நடக்கட்டும். தம்பி, இந்த ஹாலச் சுத்திப் பாரு. ஒரு ஓடு விழுந்துருக்கா? சுவத்துல ஒரு கீறல் இருக்கா? பூமி லேசா அசைஞ்சு போயிருச்சு, யாரையும் தொடல. சங்கரி கால ஒடிச்சது இவரு உர மூட்டை. ஊருக்குன்னு வச்ச வாசல அடைச்சு, மேல இவரு மூஞ்சியத் தொங்கவிட்டிருந்தாரு. மேடம் கேட்டதுக்கு வழி இருக்குன்னு தலையாட்டுனவ நான். நிவாரணம் எங்க வீட்டுல வாங்குங்க, அரசாங்கத்துக்கிட்ட இல்ல."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. முனீஸ்வரன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஹாலுக்குள் போய் ஒரு மூட்டையை வெளியே உருட்டினார். பின்னாலேயே நாலைந்து பேர் போனார்கள். வேல்முருகன் பல்லைக் காட்டிக்கொண்டு சேனல்காரன் பக்கம் குனிந்தார்.

"தம்பி ஜோஜோ, குடும்ப விசயம்... இதக் கட் பண்ணிரு, என்ன?"

"கட் பண்ண முடியாது மெம்பரே, லைவ் போயிட்டிருக்கு" என்றான் ஜோஜோ.

அப்போதும் அந்த மனிதர் மூட்டையைத் தூக்கப் போகவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டார். அழகுத்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, செல்போனை நேராகப் பார்த்தாள்.

"கேட்டுக்கங்க எல்லாரும். பூமி அசையுறத எந்த மனுசனாலயும் நிறுத்த முடியாது, அதுமேல பழி போட்டுப் பிரயோசனமில்ல. ஆனா உசுரு பொழைக்கப் போற வழிய அடைக்காம இருக்க எல்லாராலயும் முடியும். அந்த வழிய அடைக்கிறவன் பாதிக் கொலகாரன். தெரிஞ்சும் வாயப் பொத்திக்கிட்டுத் தலையாட்டுறவ மீதிப் பாதி."