பின்பக்க இடது டயர்

தனக்கோடி ஒரு நாளில் ஐந்தாறு பேர் வாசலுக்குப் போகிறவன். எந்த வாசலிலும் அவனை யாரும் உட்காரச் சொன்னதில்லை. சின்ன வேனில் ஜாக்கி, காற்றடிக்கும் கம்ப்ரசர், டயர் கழற்றும் மிஷின் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, கூப்பிட்ட இடத்துக்கே போய் டயர் மாட்டிக் கொடுப்பது அவன் தொழில். உப்பளத்து ஆபீஸ், இறால் பண்ணை, கல்யாண மண்டபம் என்று எங்கிருந்தும் கூப்பிடுவார்கள். அவன் குனிந்து நட்டைக் கழற்றும்போது வண்டிக்காரர்கள் தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருப்பார்கள். முடிந்ததும் டயரைக் காலால் ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு ஏறிப் போய்விடுவார்கள். முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு வீட்டில் கேட்கும் பேச்சு டிவியில் வருவதுதான்.

கலைமதி டீச்சர் வீட்டில் மட்டும் வேறு மாதிரி நடந்தது. உப்பளத்தை ஒட்டிய தெருவில் கடைசி வீடு. கணவர் மஸ்கட்டில் வேலை செய்தார். ஆடி மாதத்தில் ஒருநாள் காரின் பின்பக்க இடது டயரில் ஆணி ஏறிவிட்டது என்று டீச்சர் கூப்பிட்டார். தனக்கோடி போனதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் டம்ளரில் டீயும் வந்தன. டீச்சர் எதிரில் உட்கார்ந்து ஆறாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். உப்பு எப்படிக் கிடைக்கிறது என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை, 'எங்கள் அம்மா விடியற்காலையில் போய் வாரிக்கொண்டு வருவார்கள்' என்று எழுதியிருந்தது.

"இதுக்கு மார்க் போடறதா வேணாமா? நீங்க சொல்லுங்க."

தனக்கோடியிடம் யாரும் எதற்கும் அபிப்பிராயம் கேட்டதில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான்.

"உள்ளதத்தான எழுதியிருக்குது டீச்சர்."

டீச்சர் சிரித்துக்கொண்டே முழு மார்க் போட்டார்.

அன்றைக்கு அவன் ஒரு காரியம் செய்தான். இந்தக் கரையில் உப்புக் காற்று இரும்பை விட்டுவைக்காது. டயர் அழுந்தி உட்காரும் ரிம் விளிம்பிலேயே துரு பொரிந்து நிற்கும். கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டுத் தேய்த்து எடுக்காமல் டயரை மாட்டினால் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஆணி ஓட்டையை அடைத்தான். துருவைப் பார்த்தான். பிரஷ் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அப்படியே மாட்டிவிட்டான்.

இருபது நாளில் போன் வந்தது. போனான், காற்று பிடித்தான், டீ குடித்தான். அடுத்த இருபது நாளிலும் அதே கதைதான். இந்த உப்புக் காத்து டயரைக்கூட விடமாட்டேங்குது என்று டீச்சர் அலுத்துக்கொண்டபோது தலையாட்டினான். அங்கே போகும் நாளில் சலவைச் சட்டை போட்டுக்கொள்ளும் பழக்கம் வந்தது. கிரீஸ் படும் என்று தெரிந்தேதான் போட்டான்.

நாலாவது தடவை போனபோது டீச்சர் பரபரப்பாக இருந்தார். மறுநாள் காலை நான்கு பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு திண்டிவனத்துக்கு அறிவியல் கண்காட்சிக்குப் போகிறாராம். கடலில் இருந்து நல்ல தண்ணீர் எடுக்கும் மாடல் ஒன்றைப் பிள்ளைகளே செய்திருக்கிறார்களாம். அவர்களில் ஒருத்தி இதுவரை காரில் ஏறியதே இல்லையாம்.

"காத்து நல்லா கெட்டியா புடிச்சி விடுங்க. பசங்க வர்றாங்க."

தனக்கோடி பாதி டீயோடு டம்ளரைக் கீழே வைத்தான். காற்று குறைந்த டயரில் ஐந்து பேர் பாரம். ரோட்டில் வேகம் பிடித்தால் சூடேறும். சூடேறினால் வெடிக்கும். எழுந்து போய் ஜாக்கியை எடுத்து வந்தான்.

"எதுக்கு ஜாக்கி? காத்துதான?"

"கழட்டணும் டீச்சர். ரிம்முல துரு இருக்குது. அதான் எறங்குது."

"போன தடவயே பாத்திருக்கலாமில்ல?"

ஆமாம், கவனிக்கவில்லை என்று சொன்னால் போதும். டீச்சர் நம்பிவிடுவார். அவன் காரின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மொத நாளே பாத்தேன் டீச்சர். தெரிஞ்சுதான் உட்டுட்டேன்."

"தெரிஞ்சா? ஏன்?"

அவன் ஜாக்கியைக் காருக்கு அடியில் தள்ளினான். டீச்சர் அவனைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், டீ டம்ளரைப் பார்த்தார். பிறகு விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. ஆனால் மின்விசிறி சத்தம் தவிர உள்ளேயிருந்து ஒன்றும் கேட்கவில்லை.

இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தான். ஒன்றோடு நிறுத்தவில்லை. நாலு சக்கரத்தையும் கழற்றித் தேய்த்து மாட்டினான். வெயில் ஏறி முதுகைச் சுட்டது. டம்ளரில் ஆடை படிந்த டீயில் எறும்பு விழுந்து கிடந்தது. இன்னொரு டீ வரவில்லை.

எல்லாம் முடிந்து அவன் குரல் கொடுத்ததும் டீச்சர் வந்து படியிலேயே நின்றார்.

"நாளைக்கு பசங்கள நம்பி ஏத்தலாமா?"

"ஏத்தலாம் டீச்சர்."

"நீங்க சொல்றத வெச்சி எப்டி ஏத்தறது?"

தனக்கோடி சோப்புத் தண்ணீரை மொண்டு பின்பக்க இடது டயரின் விளிம்பைச் சுற்றி ஊற்றினான். கசிந்தால் குமிழி வரும் என்றான். டீச்சர் இறங்கி வந்து குனிந்தார். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குமிழியும் வரவில்லை. மற்ற மூன்றுக்கும் ஊற்றச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு டம்ளரையும் நாற்காலியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இருபது நாள் போயிற்று. இருபத்தைந்தும் போயிற்று. ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்துப் பக்கமாக வந்தவன் வேனை ஓரங்கட்டினான். புங்கமரத்தடியில் டீச்சரின் கார் நின்றது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே பார்த்தான். எத்தனையோ டயர் பார்த்த கண். டயர் இம்மியும் தொய்யாமல் கிண்ணென்று நின்றது. உள்ளே எந்த வகுப்பிலோ பிள்ளைகள் ஒரே குரலில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நின்றான்.

பையில் போன் அடித்தது. அவசரமாக எடுத்தான். பெருமுக்கல்லில் இருந்து யாரோ ஒருவர், லோடு வண்டி நடுரோட்டில் நிற்கிறது, எவ்வளவு நேரத்தில் வருவீர்கள் என்று கேட்டார்.

"அரை மணி நேரங்க," என்றான் தனக்கோடி. வேனைக் கிளப்பினான்.