விரிப்பின் மறுமுனை

விடியுமுன்பே சலவைக்கூடத்தின் இஸ்திரி உருளைகள் சூடேறிவிட்டன. ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் துவைத்த ஈரத்தோடு தள்ளுவண்டிகளில் குவிந்து கிடந்தன. ஒரு விரிப்பை உருளைக்குள் விட இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, உதறி, விறைப்பாக இழுத்து, ஒரே நொடியில் விடவேண்டும். ஒருத்தி பிந்தினால் துணி கோணும். கை உள்ளே போனால் விரல் வெந்துவிடும்.

அவள் நெட்டை. மறுமுனையைப் பிடிப்பவள் கூடத்தில் மூத்தவள், எல்லாருக்கும் அக்கா; அவள் தோளுக்குத்தான் வருவாள்.

"கொஞ்சம் குனிஞ்சு தொலையேண்டி, கொக்கு. எனக்கென்ன ஏணியா போட்டுக் குடுத்திருக்காங்க?"

தினமும் இதற்குச் சிரிப்பவள் அன்று சிரிக்கவில்லை. கடலுக்கு அப்பால் ஊரில் அம்மா மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. அவளுடைய எட்டு வயது மகள் அந்த அம்மாவிடம்தான் வளர்கிறாள். 'வெள்ளிக்கிழமை வந்துடுவேன்' என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். இன்று வியாழன்.

குறுக்கே நின்றது ஒரு காகிதம். அவளுடைய வேலை அனுமதி அட்டையில் அச்சிட்ட தேதி முடிந்து நாலு மாதமாகிறது. இன்னும் ஒரு வருஷத்துக்கு நீட்டித்த கடிதம் மேனேஜரின் இரும்பு அலமாரியில் இருந்தது. யார் கேட்டாலும் அவர் நகலைத்தான் கொடுப்பார். நாட்டைவிட்டுப் போனவள் திரும்ப உள்ளே வர அசல் கடிதத்தைக் காட்டவேண்டும். போன வருஷம் ஒருத்தி நகலை நம்பிப் போனாள். திரும்பி வந்தவளை விமான நிலையத்திலேயே நிறுத்தி, அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அவளுடைய நீலச் செருப்பு இன்னும் தங்குமிடத்தில் கட்டிலடியில் கிடக்கிறது. யாரும் அதைப் போட்டுக்கொள்ளவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை.

தேநீர் இடைவேளையில் ஊரிலிருந்து எதிர்வீட்டுக்காரி போனில் கூப்பிட்டாள். அம்மா போய்விட்டாள். குழந்தை வாசற்படியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

அழுகை வரவில்லை. 'கேட்டிருந்த பத்து நாள் லீவு இனி எதற்கு, அஞ்சே போதும்' என்றுதான் மனம் முதலில் சொன்னது. அப்படிச் சொன்ன மனத்தை அவள் அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். எப்போது இப்படி ஆனேன்? மணி அடித்ததும் கால்கள் தாமாக உருளையிடம் நடந்தன. கை தானாக ஒரு மூலையைப் பிடித்தது.

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். தன் மூலையை விட்டுவிட்டாள். விரிப்பு ஈரத்தரையில் சரிந்தது.

"அம்மாவா?"

அவள் தலையசைத்தாள்.

"நட, அவரு ரூமுக்கு."

பக்கத்து உருளையிலும் கைகள் நின்றன. பதினோரு பெண்கள் மேனேஜரின் அறைக்குள் நுழைந்தார்கள்.

மேனேஜர் விஷயத்தைக் கேட்டு உச்சுக்கொட்டினார். "அதான் முடிஞ்சு போச்சேம்மா. இனி போயி என்ன பண்ணப் போறே?"

அவர் அதை அன்பாகவே சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"என் பொண்ணு வாசப்படியில தனியா உக்காந்திருக்கா, சார்."

"லெட்டர் கம்பெனிது. இன்னைக்கு உனக்குக் குடுத்தா, நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பீங்க."

"நாளைக்கு எதுக்கு சார்? இன்னைக்கே கேக்கறோம்," என்றாள் அக்கா. "என்னோடதையும் குடுங்க."

"என்னுதும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "என்னுதும்."

"நீங்கல்லாம் எங்கம்மா போறீங்க?"

"எங்கயும் போகலை," என்றாள் அக்கா. "என் பேரு போட்ட காகிதம் என் பெட்டியில இருக்கட்டும். உங்க வீட்டுச் சாவியை நாங்களா வச்சிருக்கோம்?"

அவர் முகம் சிவந்தது. "மொத்தப் பேரையும் ஏத்தி அனுப்பிடுவேன்!"

"அனுப்புங்க. ஆனா சார், வண்டியில இருக்கற விரிப்பை ஒத்தை ஆளாப் பிடிக்க முடியாது. வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் போனை எடுத்தார். "முதலாளிகிட்டப் பேசணும், வெளிய நில்லுங்க," என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

கதவின் கண்ணாடிக்குப் பின்னால் அவர் வாய் அசைவது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. உருளைகள் துணியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. கடிதம் கிடைத்தாலும் வெள்ளிக்கிழமை போய்ச் சேர முடியாது. மகளிடம் இனி எந்தக் கிழமையைச் சொல்வாள்?

கீழே விழுந்த விரிப்பு அழுக்கேறிக் கிடந்தது. கை சும்மாயிருக்க முடியாமல் அவள் அதன் ஒரு மூலையை எடுத்தாள். மறுமூலையை அக்கா எடுத்தாள். வழக்கம்போல அவள் முதுகை வளைத்தாள்.

"குனியாதடி, கொக்கு," என்றாள் அக்கா. "நான் எக்கிக்கறேன்."

குதிகால்களை உயர்த்தி அக்கா கையை நீட்டினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கதவு இன்னும் திறக்கவில்லை. பதினோரு பேரில் ஒருத்திகூட இடத்தைவிட்டு நகரவில்லை.