உரைகல்லில் மோதிரம்

ஜெனிதாவின் படம் பேப்பரில் வந்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் போதகர் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். சபையே கைதட்டியது. ‘மஞ்சளும் தங்கமும் போதும், கேன்சர் ஓடும்: கோவை மாணவி சாதனை’ என்று தலைப்பு. அவள் செய்தது அத்தனை பெரிய காரியமில்லை. கண்ணுக்கே தெரியாத தங்கத் துகள்களில் மஞ்சளின் சத்தைப் பூசி, கண்ணாடித் தட்டில் வளர்த்த கேன்சர் செல்களோடு விட்டுப் பார்த்தாள். துகள்கள் தேடிப்போய் ஒட்டின, செல்கள் செத்தன. எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை. அதைச் சொன்ன வரியைப் பேப்பர்காரர்கள் வெட்டிவிட்டார்கள். அவளும் அதற்காகப் பெரிதாக வருத்தப்படவில்லை. பேர் வருகிறதென்றால் யாருக்குத்தான் கசக்கும்?

வாசலில் தாமஸ் அங்கிள் பிடித்துக்கொண்டார். போத்தனூரில் மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். பக்கத்தில் அவர் மனைவி ரூத். மார்பில் கேன்சர். ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்தில் முடியெல்லாம் கொட்டி, தலையில் துணி கட்டியிருந்தார்.

“ஏங்கண்ணு, ஆஸ்பத்திரி மருந்து நல்ல செல்லையும் சேர்த்தி அழிக்குதாமா?”

“ஆமாங்க அங்கிள். எங்களுது நோய் இருக்கற எடத்துக்கு மட்டும் போகும்ங்க.”

“அப்ப ஆன்ட்டிக்குக் குடுக்கலாமல்ல?”

முடியாது, இது மருந்தாக இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும் என்று சொல்லியிருக்க வேண்டும். ரூத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. “பார்க்கலாங்க,” என்றாள். நம் பக்கத்தில் மரியாதையாக மறுப்பது அப்படித்தான். பெண் கேட்டு வருகிறவர்கள்கூட அதைக் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொள்வார்கள். தாமஸோ கண் கலங்கி, “ஸ்தோத்திரம்” என்றார்.

அதற்குப் பிறகு ரூத் ஆலயத்துக்கு வரவில்லை. தாமஸ் போன் செய்தபோதெல்லாம் ஜெனிதா எடுக்கவில்லை. கிறிஸ்துமஸ் கழிந்து ஒருநாள் அவரே லேப் வாசலுக்கு வந்து நின்றார்.

“ஊட்டுக்கு வா கண்ணு. ஆன்ட்டி உன்னையப் பார்க்கோணும்ங்கறா.”

அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் அவளைப் பயமுறுத்தியது.

வீட்டில் மேஜைமேல் ஓர் உரைகல், ஈரோட்டு மஞ்சள் கிழங்கு, தேய்ந்துபோன கல்யாண மோதிரம். “பொறந்த கொழந்தைக்குத் தங்கத்தை உரைச்சு நாக்குல வெக்கறதில்லையா? அதேதான். நீ பாட்டில்ல கொண்டு வர்ற வரைக்கும் நானே செஞ்சு குடுக்கறேன்,” என்றார் தாமஸ்.

“ஆஸ்பத்திரி மருந்துங்க?”

“அதைய அப்பவே நிறுத்திப்போட்டோம். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடக்கூடாதல்ல?”

கட்டிலில் ரூத் கிடந்தார். கையும் காலும் வற்றி, வயிறு மட்டும் ஊதியிருந்தது. கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள்.

“பார்த்தியா அம்மணி, மருந்து கண்ணு வரைக்கும் ஏறிருச்சு!” என்றார் தாமஸ்.

நோய் ஈரலுக்குப் போய்விட்டது என்று ஜெனிதாவுக்குப் புரிந்தது. இந்த முறை மரியாதை பார்க்கவில்லை.

“இது மருந்தே இல்லீங்க அங்கிள். என்னோடதும் மருந்தில்லீங்க. அன்னிக்கே முடியாதுன்னு நான் சொல்லியிருக்கோணும். ஆன்ட்டிய இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாங்க!”

தாமஸ் சிரித்தார். இயேசு படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த, அவள் படம் போட்ட பேப்பர் துண்டைக் காட்டினார். “எத்தனை அடக்கம் பாரு ரூத் இந்தப் புள்ளைக்கு!”

மோதிரத்தை எடுத்துக் கல்லில் தேய்க்கத் தொடங்கினார். அந்தச் சத்தம் கேட்டதும் ரூத் ஜெனிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு மருந்துக்காக வாயைத் திறந்தார்.