மாப்பிள்ளைப் பலகை

குளியலறைக் கதவைப் பாதி திறந்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு பெருமூச்சோடு வெளியே வந்த கணவரைப் பார்த்ததுமே, இன்றைக்கு இவர் தேறமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மழைக்குக் கதவு ஊதிப்போச்சு," என்றார் அவர்.

"ஆமா. கதவுதான் ஊதிச்சு," என்றாள் அவள்.

இருவருக்கும் வேலை ஒரே இடத்தில், ராணுவத்துக்கு டாங்கி வடிவமைக்கும் நிறுவனத்தில். ஓட்டுநர் உட்காரும் அறையை வரைவது அவள் பொறுப்பு. அவர் தலைமைச் சோதனை ஓட்டுநர். அவள் வரைந்ததற்குள் உட்கார்ந்து மேடும் பள்ளமும் ஏறி இறங்குவது அவர் பிழைப்பு. அன்று நாலாம் வகை டாங்கியில் தப்பிக்கும் சோதனை. சங்கு ஊதத் தொடங்கியதும் ஓட்டுநர் யார் உதவியும் இல்லாமல் தலைக்கு மேலிருக்கும் வாய் வழியாக வெளியேற வேண்டும். சங்கு ஓய்வதற்குள் வந்துவிட வேண்டும். வராவிட்டால் அவருக்குப் பயிற்சி வகுப்பில் குச்சியால் படம் காட்டும் வேலை. 'குச்சி' என்ற சொல்லை அந்த வீட்டில் ஒரு மாதமாக யாரும் உச்சரிக்கவில்லை.

முதல் வகை டாங்கி ஒல்லியாகத்தான் பிறந்தது. அடுத்து வந்த இயக்குநர் கவசம் போதாது என்றார், கவசம் ஏறியது. கவசத்தைச் சுமக்க எஞ்சின் திணறியது. பெரிய எஞ்சின் வந்தது. எஞ்சின் சூட்டைத் தணிக்கப் பெரிய விசிறி, விசிறிக்கு அடி படாமலிருக்க இன்னும் கொஞ்சம் கவசம். கட்டெறும்பு வளர்ந்து கழுதையான கதை. ஒவ்வோர் இயக்குநரும் ஓய்வு பெறும்போது நடைவழிச் சுவரில் அவர் படம் மாட்டப்படும். படத்துக்குக் கீழே அவர் காலத்தில் பிறந்த வகையின் படமும் இருந்தாக வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஒருவருக்குப் புதிதாக எதுவுமே தோன்றவில்லை. பச்சை நிறத்தைக் கொஞ்சம் மங்கலாக்கி, 'இரண்டு ஆ' என்று பெயர் வைத்துவிட்டு நிம்மதியாகச் சுவரேறினார். இதே உடம்பின் மேல் பாலத்தை மடித்து வைத்து ஒரு வகை உண்டு. பாரந்தூக்கி பொருத்தி ஒரு வகை உண்டு. இதுவரை அதிகம் உழைத்தது இந்தப் பாரந்தூக்கிதான். சேற்றில் புதைந்த மற்ற வகைகளை எல்லாம் இழுத்து வெளியே போட்டது அதுதான்.

இத்தனை வகைக்கும் ஓட்டுநர் ஒருவரே. அவர் பலகையால் ஆனவர்.

முதல் வகையை வரையும்போது அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஓட்டுநரின் உடலளவு வேண்டியிருந்தது. கையில் கிடைத்த ஓர் ஒல்லி ஓட்டுநரை ஒட்டுப்பலகையின் மேல் மல்லாக்கப் படுக்கவைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தாள். தச்சர் அதை வெட்டி, இடுப்பிலும் முழங்காலிலும் கீல் வைத்து, நாற்காலியில் மடங்கி உட்காரும்படி செய்தார். பலகை காய்வதற்குள் அவர்கள் இருவருக்கும் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அன்று முதல் பலகைக்குப் பெயர் மாப்பிள்ளை. ஒவ்வொரு வகைக்கும் மரத்தில் ஒரு மாதிரி கட்டுவார்கள். "மாப்பிள்ளை உக்காந்தாச்சா?" என்று இயக்குநர் கேட்பார். "உக்காந்தாச்சு சார்" என்றதும் கையெழுத்து விழும். நிஜ மாப்பிள்ளை என்ன ஆனார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. டாங்கி பெருத்த வேகத்துக்குச் சற்றும் சளைக்காமல் அவரும் பெருத்துக்கொண்டிருந்தார்.

சோதனைக் கொட்டகையில் இயக்குநர் இஸ்திரி மடிப்புக் கலையாமல் நின்றிருந்தார். மாதக் கடைசியில் ஓய்வு. "நாலாம் வகை வெறும் வாகனமில்ல. ஒரு சிந்தனை," என்றார். சிந்தனையில் முக்கியமானது, மின்னணுப் பெட்டிகளைக் குளுகுளுவென்று வைக்கும் ஓர் இயந்திரம். ஓட்டுநரின் வலது முழங்கை முன்பு இருந்த இடத்தில் இப்போது அது இருந்தது. புதிய கவசத்தின் உதடு வேறு மேல்வாயைக் குறுக்கியிருந்தது.

கணவர் இரு கைகளையும் தூக்கிக்கொண்டு, உறைக்குள் தலையணையைத் திணிப்பது போலத் தன்னைத்தானே உள்ளே இறக்கிக்கொண்டார். சங்கு ஊதியது. தலை வந்தது, தோள் வந்தது, நெஞ்சு வந்தது. பிறகு எதுவும் வரவில்லை. சங்கு ஊதி ஓய்ந்தது. கைகளை ஊன்றி, அணிவகுப்பில் போகும் தளபதி போலப் பாதி டாங்கியும் பாதி மனிதனுமாக நின்ற அவருக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று இயக்குநரின் உதவியாளர் ஒரு வணக்கம் வைத்தார்.

"பாரந்தூக்கி வகையக் கொண்டாரட்டுமா அண்ணே?" என்று கீழேயிருந்து மெக்கானிக் கேட்டார்.

"வாய மூடுடா. முதல்ல இந்த வாயப் பெருசாக்குங்க."

அவள் ஏணியில் ஏறி அருகே போனாள். நிஜமாக எஞ்சினில் தீப்பிடித்திருந்தால் என்று நினைத்தபடி, கவசத்தின் உதட்டுக்கும் அவர் இடுப்புக்கும் நடுவே விரலை நுழைக்கப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை மட்டும் எப்படிங்க இதுல நுழைஞ்சார்?" என்றாள் மெதுவாக.

"அவருக்கென்ன. அன்னிக்கு நீ பென்சிலும் கையுமாக் கிட்ட வந்தப்ப நான் மூச்சே விடலையே. வயித்த எக்கிப் புடிச்சுக்கிட்டு இல்ல கெடந்தேன்."

அவள் பலகையை நினைத்துப் பார்த்தாள். வெட்கப்பட்டு மூச்சடக்கிய ஒருவனின் இடுப்பு. அந்த இடுப்புக்குத்தான் இத்தனை எஃகும்.

நாலு பேர் சேர்ந்து அவரை வெளியே எடுத்த பிறகு இயக்குநர் அவளைத் தனியே அழைத்தார். "இது ஒரு பெரிய விஷயமே இல்லம்மா. வண்டிய ஏன் மாத்தணும்? ஓட்டுநர மாத்திடலாம். ஒல்லியா ஒருத்தர் இருக்காரே?"

"அவர் தாராளமா வரட்டும் சார். குளிருக்குப் போடற கோட்டு, அதுக்கு மேல கவச உடுப்பு, ரெண்டையும் போட்டுக்கிட்டு வரட்டும். சண்டையில அப்படித்தானே உட்காருவாங்க."

தூணருகே நின்றிருந்த ஒல்லி ஓட்டுநர், இதைக் கேட்டதும் தூணுக்குப் பின்னால் போனார். அவர் உடம்பை மறைக்க அந்தத் தூணே போதுமானதாக இருந்தது.

"மாப்பிள்ளை உக்காந்தாரே," என்றார் இயக்குநர், கடைசி நம்பிக்கையாக.

"பலகை மூச்சு விடாது சார். மூச்சு விடற ஆளுக்கு இதுல வழியில்ல. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

வாய் மாறினால் கவசம் மாறும், கவசம் மாறினால் எடை மாறும், எடை மாறினால் சோதனை நாள் மாறும், அவர் ஓய்வு பெறும் மாதக் கடைசி மட்டும் மாறாது. இயக்குநர் படங்கள் தொங்கும் நடைவழி இருந்த திசையில் கொஞ்ச நேரம் பார்த்தார். "புதுப் பலகை ஒண்ணு செஞ்சு காலையில கொண்டு வாங்க. பாக்கலாம்," என்றார். அந்த நிறுவனத்தில் 'பாக்கலாம்' என்பதற்குள் இதற்கு முன்பு பல திட்டங்கள் பிறந்திருக்கின்றன. பல செத்தும் இருக்கின்றன.

சாயங்காலம் தச்சுக் கொட்டகையில் புதிய ஒட்டுப்பலகையை விரித்தார்கள். கோட்டும் கவச உடுப்பும் மாட்டிக்கொண்டு அவர் மல்லாக்கப் படுத்தார். சுவரில் சாய்ந்திருந்த பழைய மாப்பிள்ளை, இடுப்பைக் காட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். அவள் முழங்காலிட்டு, காதருகே தொடங்கி, தோளைச் சுற்றி, அக்குளுக்குள் புகுந்து, விலாவரை பென்சிலைக் கொண்டுவந்தாள். அங்கே அவர் வயிறு சட்டென்று உள்ளே போனது.

பென்சில் நின்றது.

"மூச்ச விடுங்க."

"விட்டா பலகை பத்தாது."

"பத்தலன்னா இன்னொரு பலகை ஒட்டிக்கலாம்."

"காலையில குச்சியக் கையில குடுத்துட்டா?"

தச்சர் உளியைக் கீழே வைத்துவிட்டு, மரத்தூள் தட்டுவது போலத் திரும்பிக்கொண்டார். கணவர் கூரையைப் பார்த்தபடி, கன்னங்கள் உப்ப, முகம் சிவக்க, அப்படியே கிடந்தார். அவள் பென்சில் முனையைப் பலகையில் ஊன்றி, அது நகர வேண்டிய இடம் விரிவதற்காகக் காத்திருந்தாள்.